பல்கலைக்கழகத்தில் நான் சொன்ன சாட்சி

"அக்கா, அந்தக் காலத்துல ஜோடியா யாராவது வந்தா கல்யாண போட்டோ காட்டச் சொல்லுவீங்களாமே, நெஜமாவா?" என்று பிரியா கேட்டாள். நான் வேலை பார்த்த லாட்ஜில் இப்போது ரிசப்ஷனில் உட்காரும் பெண் அவள். அவளுக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுகிறாள். யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அவளுக்கு அவசியமில்லை.

"போட்டோ கேட்டதில்ல. காலப் பாப்போம்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தபோது வேன் நிறைய ஆந்திராக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் தனலட்சுமி. ஊர் கீழ்பென்னாத்தூர். வேலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். ஆலையை மூடினார்கள். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனபோது ஊருக்குள் அதிகாரிகளும் கான்ட்ராக்டர்களும் வந்து குவிந்தார்கள். புதிதாக லாட்ஜுகள் எழுந்தன. அப்படித் திறந்த ஒன்றில், டெலிபோன் போர்டைக் கையாளத் தெரியும், கொஞ்சம் இங்கிலீஷ் பேசுவேன் என்பதற்காக என்னை எடுத்துக்கொண்டார்கள். லாட்ஜ் ரிசப்ஷனில் ஒரு பெண் உட்காருவது அப்போது இந்த ஊரில் கிடையாது. பொம்பளை உட்கார்ந்திருந்தால் குடும்பத்தோடு வருகிறவர்கள் தைரியமாக உள்ளே வருவார்கள் என்பது முதலாளியின் கணக்கு. என் அம்மாவுக்குத்தான் வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. கேட்டவர்களிடம் எல்லாம் "டவுன்ல டெலிபோன் ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

எங்கள் மேனேஜர் பெயர் சாரங்கபாணி. அவரிடம்தான் தொழில் கற்றேன். குரலை உயர்த்தாத மனிதர். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ரூம் இல்லை என்பதைச் சொல்வதற்கு அவருக்கு ஒரு முறை இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. அதற்கு ஒரு பச்சைத் துணித் திரை. வந்தவர்கள் தோதுப்பட மாட்டார்கள் என்று தோன்றினால், பேசிக்கொண்டே பின்னால் கையை நீட்டித் திரையை இழுத்துவிடுவார். சாவிகள் மறைந்துவிடும். அதற்குப் பிறகு, சொந்தக்காரர் வீட்டில் சாவு விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ரூம் ஒண்ணும் இல்லீங்களே" என்பார். நம்பாமல் இருக்க முடியாது.

யாருக்குத் திரையை இழுக்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுத்தார்.

"மூஞ்சிய பாக்காத தனம்மா. மூஞ்சில ஒண்ணும் தெரியாது. பொம்பளயோட காலப் பாரு. மெட்டி இருக்கா? இருந்தா, புதுசா பழசா? பழசுன்னா வெரல்ல தழும்பு விழுந்திருக்கும். தோல் வெளுத்திருக்கும். புது மெட்டியா இருந்து, கழுத்துல மஞ்சக் கயிறும் ஈரம் காயாம இருந்துச்சுன்னா, ஓடியாந்த கேசு. ஒரு மணி நேரத்துல பின்னாலயே பொண்ணு வீட்டுக்காரன் அருவாளோட வருவான். நமக்கு வேணாம்."

"கிறிஸ்டியன் பொம்பளைங்க மெட்டி போட மாட்டாங்களே சார்?"

"அவங்க கையில மோதிரம் இருக்கும். அதுலயும் தழும்பு பாரு."

நான் கல்யாணம் ஆகாதவள். கவுண்டருக்குப் பின்னால் வெறுங்காலோடு நின்றுகொண்டு எதிரே வருகிற பெண்களின் கால் விரலைப் பார்ப்பது என் வேலையானது. ஒரு தடவை போளூரிலிருந்து வந்த நிஜமான புருஷன் பெண்டாட்டியை மேனேஜர் திருப்பி அனுப்பினார். அந்த அம்மாவுக்குக் கால் வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் மெட்டியை வெட்டி எடுத்திருந்தார்கள். புருஷன் தெருவில் நின்று கத்தினார். மேனேஜர் கவலைப்படவில்லை. "ஒண்ணு ரெண்டு தப்பாவும். போலீஸ் வர்றதுக்கு இது மேல்" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரே ஒரு விதி எனக்குப் பிடித்திருந்தது. போனில் யார் கேட்டாலும், நேரில் யார் கேட்டாலும், எந்த ரூமில் யார் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லக்கூடாது. போலீஸ் வந்து நின்றால் தவிர, அதை நான் வேலையில் இருந்தவரை மீறவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பொங்கல் சமயம். ஒரு போன் வந்தது. வெளியூர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுகிறார் என்று பஸ் இரைச்சலிலிருந்து தெரிந்தது.

"மலை தெரியற மாதிரி ரூம் இருக்குங்களா?"

"இருக்கு சார். மூணாவது மாடி. ஆனா பக்கத்துக் கட்டடத்துத் தண்ணி டேங்கு கொஞ்சம் மறைக்கும்."

"டேங்குக்கு மேல மலை தெரியுதுல்ல? அது போதும். காலையில ஜன்னலத் தொறந்தா தெரியணும். அவ்வளவுதான்."

"யாருக்கு சார் ரூம்?"

"எனக்கும்..." என்று நிறுத்தினார். "என் மனைவிக்கும்."

அந்த வார்த்தையை முதல் தடவையாக வெளியில் சொல்லிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது. அதனால்தான் அந்தப் போன் என் மனதில் அப்படியே நின்றுவிட்டது.

வந்தபோது பார்த்தேன். இளம் ஜோடி இல்லை. அவருக்கு ஐம்பதை ஒட்டி வயது. பெயர் கதிரேசன். அந்த அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயர் வசுந்தரா. கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு பை, தோல் செருப்பு. காலில் மெட்டி இல்லை. கழுத்தில் ஒரு மெல்லிய செயின் மட்டும்.

மேனேஜர் காலைப் பார்த்தார். கை பின்னால் போனது.

"சார், இவங்க போன்ல புக் பண்ணவங்க" என்றேன் அவசரமாக.

கை நின்றது. "கல்யாணம் ஆயி எவ்ளோ நாளாச்சுங்க?" என்று கேட்டார்.

"போன மாசம்" என்றார் அந்த அம்மா.

"தாலி காணோமே?"

"கட்டிக்கல. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டோம்."

"அந்த சர்டிபிகேட் இருக்குங்களா?"

"அதை டூருக்கு எடுத்துட்டு வரணும்னு தோணலீங்க. நீங்க உங்க சர்டிபிகேட்டக் கையிலயே வெச்சிருப்பீங்களா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. கதிரேசன் சார் அதற்குள் வேர்த்துப்போய்ச் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். அந்த அம்மாவும் பையைத் துழாவித் தன் அட்டையை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தின் அட்டைகள். நூறு வருஷத்துக்கும் மேலான பல்கலைக்கழகம். பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும், அதனால் சொல்லவில்லை. அந்த அம்மா கணக்குப் பேராசிரியை. இவர் வரலாறு.

மேனேஜரின் முகம் மாறியது. "அடடா, யூனிவர்சிட்டியா! எங்க அண்ணன் பையன் அங்கதான் படிச்சான்" என்று சொல்லி அவரே சாவியை எடுத்துக் கொடுத்தார். கல்யாணத்தை நம்பாதவர் பல்கலைக்கழகத்தின் முத்திரையை நம்பினார்.

அடுத்த இரண்டு நாட்களில் அவர்களை அடிக்கடி பார்த்தேன். மலை சுற்றிவிட்டு வந்து, காலை ஊற வைக்க வாளியில் வெந்நீர் கேட்பார்கள். ரமணாசிரமம் பக்கம் போய் மயில் பார்த்துவிட்டு வந்தேன் என்று அந்த அம்மா குழந்தை மாதிரி சொன்னார். ஒரு நாள் என் டெலிபோன் போர்டு பக்கத்தில் வந்து நின்று, எந்த வயர் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"வேலைக்குச் சேந்ததுல இருந்து நானா ஒரு லீவு போட்டதில்லம்மா. தம்பி படிப்பு, தங்கச்சி கல்யாணம், அப்பா ஆஸ்பத்திரின்னுதான் போட்டிருக்கேன். இதுதான் எனக்குன்னு போட்டது" என்றார்.

"வீட்ல எல்லாருக்கும் சந்தோஷமா மேடம்?"

"இன்னும் சொல்லல. அவருக்கு ஒரு பொண்ணு இருக்கா, மொத சம்சாரத்தோட பொண்ணு. அவளுக்கு வரன் அமையட்டும், அப்புறம் எல்லாருக்கும் சொல்லலாம்னு அவர் சொன்னாரு. சரின்னுட்டேன்."

இரண்டாம் நாள் சாயங்காலம் கதிரேசன் சார் தேரடித் தெருவில் வெள்ளி மெட்டி வாங்கி வந்திருந்தார். ரிசப்ஷன் சோபாவிலேயே அந்த அம்மாவை உட்கார வைத்து, கீழே குனிந்து போட்டுவிட்டார். இடது காலில் சரியாக உட்கார்ந்தது. வலது காலுக்குச் சின்னதாகப் போய்விட்டது. எண்ணெய் வைத்துப் பார்த்தார், முடியவில்லை. "விடுங்க, பாதிக் கல்யாணம் ஆயிருக்கு" என்று அந்த அம்மா சொல்ல, இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காலையில் கடைக்குப் போய் வலது கால் மெட்டியை மாற்றிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டே சாப்பிடப் போனார்கள்.

எங்கள் லாட்ஜிலேயே கீழே டைனிங் ஹால். அன்று பௌர்ணமிக்கு வந்த கூட்டம் ஜாஸ்தி. அதில் ஒரு குடும்பம் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அவர் அங்கே துணைப் பதிவாளர். இவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "அடடே, வசுந்தரா மேடம்! கதிரேசன் சாரும்! கிரிவலமா?" என்று விசாரித்தார். கதிரேசன் சாரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாதான் "ஆமா சார், நீங்களும் சுத்தினீங்களா?" என்று சாதாரணமாகப் பேசினார். தங்களுக்குக் கல்யாணம் ஆனதை இருவருமே சொல்லவில்லை. பெண்ணுக்கு வரன் அமையும்வரை சொல்வதில்லை என்று பேசிவைத்திருந்தார்களே, அதனால்.

சாப்பிட்டுவிட்டு அந்தத் துணைப் பதிவாளர் என்னிடம் வந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் எந்த ரூம்மா? ஒரே ரூமா, தனித்தனியா?"

"அதெல்லாம் சொல்லக்கூடாதுங்க சார்."

"நல்ல ரூல்" என்று சிரித்தார். பிறகு தன் ஊருக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னார். லைன் கிடைத்ததும் நான் காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டேன். அடுத்தவர் பேச்சைக் கேட்பது என் பழக்கமில்லை. அவர் என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது. வசுந்தரா அம்மாவின் துறையில் தலைவர் ஓய்வு பெறப் போகிறார், அடுத்தது இந்த அம்மாதான், அவருக்கு அடுத்த இடத்தில் இருப்பவர் துணைப் பதிவாளருக்கு மைத்துனர் முறை என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலை டிபன் நேரத்தில் ஜீப் வந்து நின்றது. ஒரு எஸ்.ஐ., இரண்டு போலீஸ்காரர்கள். "தகவல் வந்திருக்குய்யா" என்றார் எஸ்.ஐ. அவர் கேட்கும் முன்பே மேனேஜர் ரூம் நம்பரைச் சொன்னார்.

படியில் அவர்களை இறக்கிக்கொண்டு வந்தபோது ஹாலில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். வசுந்தரா அம்மா தலையைக் கூடச் சீவியிருக்கவில்லை. "நாங்க கல்யாணம் ஆனவங்க. ரிஜிஸ்டர் மேரேஜ்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எஸ்.ஐ. கீழே பார்த்தார். அவரும் எங்கள் மேனேஜரிடம் பாடம் படித்தவர் போலிருந்தது.

"ஒரு கால்லதான் மெட்டி இருக்கு? அவசரத்துல இன்னொண்ணு போட மறந்துட்டியா?"

"நேத்துதான் வாங்கினோம்..."

"அதான் தெரியுதே, நேத்து வாங்கினதுன்னு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கதிரேசன் சார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணைப் பதிவாளரின் குடும்பம் விடியும்போதே ரூமைக் காலி செய்து போயிருந்தது.

பெண் போலீஸ் யாரும் வரவில்லை. "சார், பொம்பளய தனியா ஜீப்ல ஏத்தாதீங்க. நானும் வரேன்" என்றேன். மேனேஜர் முறைத்தார். நான் பார்க்காத மாதிரி ஏறி அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். பொங்கல் கூட்டம். கடைத்தெருவில் ஜீப் ஊர்ந்துதான் போனது. கரும்பு விற்கிறவர்கள், வாழைத்தார் இறக்குகிறவர்கள் எல்லோரும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதிரேசன் சார் ஊருக்குப் போன் போட்டு, ஒரு நண்பரிடம் வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது, பீரோவில் சர்டிபிகேட் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொன்னார். அந்த நண்பர் அதை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேரும்வரை அந்தப் பெஞ்சுதான். சாப்பிட வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. பொழுது சாயும்போது சர்டிபிகேட் வந்தது. எஸ்.ஐ. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இத மொதல்லயே கையில வெச்சிருக்கணும்மா. படிச்சவங்கதானே நீங்க" என்றார். அவ்வளவுதான். போகலாம் என்று கையைக் காட்டினார்.

லாட்ஜுக்குத் திரும்பினோம். அவர்களுடைய பைகள் ரிசப்ஷனில் சோபாவுக்குப் பக்கத்தில் இருந்தன. உள்ளே இருந்த துணிகளை யாரோ அள்ளித் திணித்திருந்தார்கள். சாவிப் பலகைக்குத் திரை போட்டிருந்தது.

"மன்னிச்சுக்கங்க, அந்த ரூம் வேற பார்ட்டிக்குப் போயிடுச்சு" என்றார் மேனேஜர், அதே துக்க முகத்தோடு.

"சார், சர்டிபிகேட் வந்துடுச்சு" என்றேன்.

"வந்தா என்ன தனம்மா? ஜீப் வந்ததுதானே ஊருக்குத் தெரியும்?"

அவர்கள் அந்த ஊரில் மேற்கொண்டு நிற்கவில்லை.

ஒரு மாலைப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. லாட்ஜில் பேராசிரியை சிக்கினார் என்று தலைப்பு. உடனிருந்தவர் என்று மட்டும் கதிரேசன் சாரைப் போட்டிருந்தார்கள். விடுவிக்கப்பட்டதை எழுதவில்லை. பல்கலைக்கழகம் வசுந்தரா அம்மாவைப் பணியிடை நீக்கம் செய்தது. கதிரேசன் சாரைச் செய்யவில்லை. பிறகு விசாரணைக் குழு போட்டார்கள். லாட்ஜிலிருந்து ஒரு சாட்சி வரவேண்டும் என்று கடிதம் வந்தது.

"நீயே போ. ரூம் குடுக்கச் சொன்னது நீதானே" என்றார் மேனேஜர்.

நான் சந்தோஷமாகத்தான் போனேன். உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அந்த வயதிலும் எனக்கு அந்த நம்பிக்கை இருந்தது.

அவ்வளவு பெரிய கட்டடத்துக்குள் நான் அதுவரை நுழைந்ததில்லை. செங்கல் நிறம். தூண்கள் ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே கூரை அவ்வளவு உயரத்தில் இருந்ததால் ஃபேனை நீளமான குழாயில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்று கீழே வரவில்லை. சுவர் முழுக்க முன்னாள் பெரியவர்களின் படங்கள், எல்லோரும் கறுப்பு அங்கியில். வராந்தாவில் ஒரு கோடியில் இருந்த பெஞ்சில் வசுந்தரா அம்மா உட்கார்ந்திருந்தார். இன்னொரு கோடியில் கதிரேசன் சார். கணவனும் மனைவியும் ஏன் அப்படித் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டபோதும் அப்படியே எதிரெதிர் மூலைகளில் உட்கார்ந்தார்கள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் வெள்ளை முடியோடு தலைவர். ஒரு பெண்ணும் இருந்தார். அவர் கடைசிவரை தலையை நிமிர்த்தவில்லை. ஓரத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தவர் அந்தத் துணைப் பதிவாளர். என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை அசைத்தார்.

"அந்த அறையில எத்தனை கட்டில்?" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"ஒரு டபுள் கட்டில் சார்."

"வேற கட்டில் கேட்டாங்களா?"

"இல்ல சார். புருஷன் பொண்டாட்டி எதுக்கு சார் வேற கட்டில் கேக்கப் போறாங்க?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பொது இடத்துல அவங்க நடத்தை எப்படி இருந்தது?"

"நல்லா சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க சார்."

"சிரிச்சுன்னா?"

சிரிப்பதை எப்படி விளக்குவது? துணைப் பதிவாளர் ஏதோ எழுதிக்கொண்டார். ரிசப்ஷனில் எல்லோர் முன்னாலும் ஒரு ஆண் பெண்ணின் காலைப் பிடித்தது உண்மையா என்றார்கள். மெட்டி போட்டுவிட்டார் என்றேன். சர்டிபிகேட் அவர்கள் மேஜையில்தான் இருந்தது. அதன் மேல் பேப்பர் வெயிட் வைத்திருந்தார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரு கேள்வியும் இல்லை.

கடைசியில் தலைவர் கேட்டார். "இந்தப் பயணத்துக்கு அறையைப் பதிவு செஞ்சது யாரு?"

இது ஒரு நல்ல கேள்வி என்று நினைத்தேன். இதைச் சொன்னால், கட்டின மனைவியை ஒருவர் எவ்வளவு ஆசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பது இவர்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன்.

"சார்தான் போன் பண்ணாருங்க. மலை தெரியற ரூம்தான் வேணும்னு கேட்டாரு. டேங்கு மறைக்கும்னு நான்தான் சொன்னேன். பரவால்ல, காலையில ஜன்னலத் தொறந்தா மலை தெரிஞ்சா போதும்னாரு. எனக்கும் என் மனைவிக்கும்னு சொன்னாரு சார், அவர் வாயால சொன்னாரு."

தலைவர் தன் முன்னால் இருந்த காகிதத்தைப் புரட்டினார். பிறகு மூலையைப் பார்த்தார்.

"மிஸ்டர் கதிரேசன், உங்க வாக்குமூலத்துல, பயணத்துக்கு முழு ஏற்பாடும் செஞ்சது அவங்க, வற்புறுத்தினதால நான் கூடப் போனேன்னு எழுதியிருக்கீங்களே?"

கதிரேசன் சார் எழுந்து நின்றார்.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்லீங்க சார்."

வசுந்தரா அம்மா அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த வாக்குமூலத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்கு அதுவரை தெரியாது என்பது அந்தப் பார்வையில் எனக்குத் தெரிந்தது.

"எனக்கு ஞாபகம் இருக்கு" என்றார், அதிராமல். "நான் பரீட்சை பேப்பர் திருத்திட்டு இருந்தேன். நீங்க வெயில்ல நடந்து வந்தீங்க. ரூம் கெடைச்சிடுச்சுன்னீங்க. பேனாவ என் கையில இருந்து புடுங்கி மூடி வெச்சீங்க."

"இது குழுவுக்குத் தேவையில்லாத விவாதம்" என்றார் தலைவர். என்னைப் போகலாம் என்றார்கள். நான் சொன்ன கடைசிப் பதிலைத் துணைப் பதிவாளர் எழுதிக்கொள்ளவில்லை.

வெளியே படியில் நின்றுகொண்டிருந்தேன். போகவும் மனமில்லை, நிற்கவும் தெரியவில்லை. வெகு நேரம் கழித்து வசுந்தரா அம்மா வந்தார்.

"மேடம், அவரு அப்பிடி எழுதிக் குடுத்திருப்பாருன்னு எனக்குத் தெரியாதுங்க."

"எனக்கே தெரியாதே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வண்டியில் எலுமிச்சம்பழ ஜூஸ் விற்றார்கள். எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். தானும் குடித்தார். கதிரேசன் சார் தூரத்தில் ஒரு மரத்தடியில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை.

"கெட்டவர் இல்லம்மா. பயந்துட்டாரு. பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு இருக்காரு. வேலை போயிட்டா என்ன ஆகும்னு பயம்" என்றார் அந்த அம்மா. கண்ணாடி டம்ளரை வண்டியில் வைத்தார். "பயமா இருக்குன்னு எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம். நானுந்தானே பயந்து போயிருந்தேன்."

பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து என்னை ஏற்றிவிட்டார்.

திருமணம் நடந்தது உண்மை, ஆனால் பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்பட்டது என்று அறிக்கை வந்ததாம். துறைத் தலைவர் பதவி அந்த அம்மாவுக்கு இல்லை என்றானது. துணைப் பதிவாளரின் மைத்துனருக்குக் கிடைத்தது. அந்த அம்மா ராஜினாமா செய்துவிட்டார். கதிரேசன் சாரைக் கூப்பிட்டு, இனி கவனமாக இருங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்களாம். அவருடைய பெண்ணுக்கு அந்த வருஷமே கல்யாணம் நடந்தது. எஸ்.ஐ. அடுத்து இன்ஸ்பெக்டர் ஆனார். எங்கள் மேனேஜர் "நான் அன்னிக்கே திரைய இழுத்திருக்கணும்" என்று பல தடவை சொன்னார். தான் ஏதோ தப்பு செய்தோம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. இந்தக் கதையில் தங்கள் மேல் தப்பு என்று நினைத்த யாரையும் நான் சந்திக்கவில்லை.

சாரங்கபாணி ஓய்வு பெற்ற பிறகு மேனேஜர் நாற்காலி எனக்கு வந்தது. காலைப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்தினேன். திரையைக் கழற்றித் துடைக்கிற துணியாக்கினேன். அதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. போலீஸ் வந்து நின்றால் நானும் ரூம் கதவைக் காட்டத்தான் வேண்டியிருந்தது. சர்டிபிகேட் இருந்தால் எடுத்து வையுங்கள் என்று ஜோடிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் நான் செய்ய முடிந்தது. சிலர் அதற்கே என்னைத் திட்டினார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் ஊரைச் சுற்றி இன்ஜினியரிங் காலேஜுகள் வந்தன. ஒரு நாள் காலையில் செங்கம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, காலேஜ் பஸ்ஸுக்காகக் காத்திருந்த கும்பலில் வசுந்தரா அம்மாவைப் பார்த்தேன். முடி நன்றாக நரைத்திருந்தது. அவர்தான் முதலில் என்னை அடையாளம் கண்டுபிடித்தார். அந்தக் காலேஜில் முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறாராம். ரமணாசிரமம் பக்கம் மாடியில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிறாராம்.

"சார்?" என்று இழுத்தேன்.

"அந்த ஊர்லயேதான் இருக்காரு. ரிட்டயர் ஆயிட்டாரு. நாங்க இன்னும் விவாகரத்து வாங்கலம்மா. அதுக்கும் யாரோ நாலு பேர் முன்னாடி போயி நிக்கணும். அவங்களும் ஏதாவது கேப்பாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. "எங்கயாவது வேற ஊருக்குப் போயிருக்கலாமே மேடம். எதுக்கு இந்த ஊருக்கே வந்தீங்க? உங்கள ஜீப்ல ஏத்தின ஊராச்சே."

அவர் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பஸ் வருவது தெரிந்தது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போனார்கள்.

"வேற ஊருன்னா, தனியா இருக்கீங்களே, வீட்டுக்காரர் எங்க, ஏன் பெரிய யூனிவர்சிட்டிய விட்டுட்டு வந்தீங்கன்னு மொதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க" என்றார். "இந்த ஊர்ல என்னைக் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டு முடிச்சுட்டாங்க."

பிள்ளைகள் எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக அவரும் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்து, திருத்த வேண்டிய பேப்பர் கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பிவிட்டது.